கயிறும் தூரிகையும்: படகோவியங்களில் மெய்யும் புனைவும்

ஓர் ஓவியத்தின் முன்னே இருவர் நிற்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கலையில் தோய்ந்தவர். மற்றவர் படகு வலித்துப் பிழைத்தவர். ஓவியத்திலோ பாரம் ஏற்றிய படகொன்று கால்வாயில் செல்கிறது. முதலாமவர் வானத்தின் நிறத்தைக் கண்டு வியப்பார். நீரில் விழும் மர நிழலைப் புகழ்வார். இரண்டாமவரின் கண்ணோ நேரே கயிற்றின் மீது பாயும். கயிறு எங்கே கட்டப்பட்டிருக்கிறது? இத்தனை மூட்டை ஏற்றிய படகு நீரில் இவ்வளவுதானா அமிழும்? கழி ஊன்றுபவன் இந்தப் பக்கம் சாய்ந்தால் படகு எந்தப் பக்கம் போகும்? இக்கேள்விகளுக்கு விடை சரியாக இல்லையென்றால், வானம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு நகர்ந்துவிடுவார்.

இவ்விருவருள் யார் தீர்ப்பை நாம் ஏற்பது? இது வெறும் இரசனை பற்றிய வினா அன்று. வரலாறு பற்றிய வினா. புகைப்படக் கருவி தோன்றுவதற்கு முற்பட்ட காலத்து உழைப்பாளிகள் தங்களைப் பற்றித் தாமே எழுதி வைத்தவை மிகச் சில. படகோட்டி எப்படி நின்றான், எதை இழுத்தான், அவனுடன் சென்ற சிறுவனுக்கு என்ன வேலை என்பவற்றை அறிய நமக்குக் கிடைக்கும் சாட்சிகளுள் ஓவியனும் ஒருவன். அச்சாட்சி உண்மை சொல்கிறதா, எவ்வளவு சொல்கிறது, எதை மறைக்கிறது என்று குறுக்கு விசாரணை செய்யாமல் அதை ஏற்றுக்கொள்ளலாகாது. மரக்கலத்தையும் தோணியையும் முன்னோர் தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் நம் வாசகருள் உண்டு. அவர்களுக்கு இவ்விசாரணையின் அருமை எளிதில் விளங்கும்.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் ஓவியர் ஜான் கான்ஸ்டபிள். நம் ஊரில் காவலரைக் குறிக்கும் சொல்லே அவருடைய குடும்பப் பெயர். 1776ஆம் ஆண்டு சஃபோக் மாவட்டத்தில் ஈஸ்ட் பெர்கால்ட் என்னும் சிற்றூரில் பிறந்து, 1837ஆம் ஆண்டு இலண்டனில் மறைந்தவர். ஆங்கில நாட்டுப்புறக் காட்சிகளுக்குப் பெரிய ஓவியத்திற்குரிய மதிப்பைத் தேடித் தந்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

ஆலைக்காரர் மகன்

கான்ஸ்டபிளின் ஓவியங்களில் திரும்பத் திரும்ப வருவது ஸ்டூர் என்னும் சிற்றாறு. சஃபோக், எசெக்ஸ் ஆகிய இரு மாவட்டங்களுக்கும் அதுவே எல்லை. பார்ப்பதற்கு இயற்கையாக வளைந்தோடும் ஆறுதான் என்றாலும், உண்மையில் அது பாதி ஆறு, பாதி கால்வாய். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாராளுமன்றச் சட்டம் ஒன்றின் வாயிலாக, சட்பரி நகரிலிருந்து மேனிங்ட்ரீ கழிமுகம் வரை ஏறத்தாழ 24 மைல் தூரத்திற்கு அது படகுப் போக்குவரத்துக்கு ஏற்றதாகத் திருத்தப்பட்டது. ஆலை அணைகள் குறுக்கிட்ட இடங்களில், இரு முனையிலும் கதவுகள் கொண்ட மதகு அறைகள் கட்டப்பட்டன. படகை உள்ளே விட்டு, கதவை அடைத்து, நீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்திற்கு அனுப்புவார்கள். கீழ்நோக்கி மாவும் தானியமும் செங்கல்லும் சென்றன. மேல்நோக்கி நிலக்கரி வந்தது. படகுகள் இரண்டிரண்டாகப் பிணைக்கப்பட்டுச் செல்லும். கரையில் நடக்கும் ஒற்றைக் குதிரை அவற்றை இழுக்கும்.

ஓவியரின் தந்தை கோல்டிங் கான்ஸ்டபிள் இந்த நீர்வழி வாணிகத்தில் பெரும் பங்கு கொண்டவர். பிளாட்ஃபோர்டிலும் டெடம் ஊரிலும் இருந்த மாவு ஆலைகள் அவர் பொறுப்பில் இருந்தன. தானியமும் நிலக்கரியும் விற்றார். ஸ்டூர் நீர்வழியை மேற்பார்த்த ஆணையர்களுள் அவரும் ஒருவர். அவருடைய மாவு பாரப்படகுகளில் கழிமுகத்தை அடைந்து, அங்கிருந்து கடற்கலத்தில் இலண்டன் சென்றது. மகன் ஜானும் ஓவியம் பயிலச் செல்லுமுன் சுமார் ஓராண்டு காலம் தந்தையின் காற்றாலையில் வேலை பார்த்தவர். காற்று எப்போது திரும்பும் என்று வானத்தைப் பார்த்துச் சொல்லவேண்டிய வேலை அது. ஆகவே ஆற்றையும் வானத்தையும் ஊர் சுற்றிப் பார்க்க வந்த ஒருவரின் கண்களால் அவர் காணவில்லை. கணக்குப் புத்தகத்தை அறிந்த வீட்டுப் பிள்ளையின் கண்களால் கண்டார்.

தந்தைக்குப் பின் தொழிலை நடத்தியவர் இளைய சகோதரர் ஆப்ரம். அண்ணன் வரைந்த ஆலையைப் பார்த்தால் அது சுழலும் என்று தமக்குத் தோன்றுகிறது என்றும், பிறர் வரையும் ஆலைகளைப் பார்க்கையில் எப்போதும் அப்படித் தோன்றுவதில்லை என்றும் அவர் கூறியதாக, ஓவியரின் நண்பரும் வரலாற்றாசிரியருமான லெஸ்லி பதிவு செய்திருக்கிறார். கலை விமர்சகர்கள் எழுதிய பக்கம் பக்கமான புகழுரைகளைவிட, ஆலை நடத்தியவரின் இச்சொல்லுக்கு எடை அதிகம்.

கயிறு சொல்லும் உண்மை

இனி ஓவியங்களைப் பார்ப்போம். 1815ஆம் ஆண்டு காட்சிக்கு வைக்கப்பட்ட 'பிளாட்ஃபோர்டு ஆலையருகே படகு கட்டுதல்' என்னும் ஓவியம் இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் உள்ளது. ஆற்றங்கரையில் தோண்டிய உலர் துறையில் பாரப்படகு ஒன்று உருவாகிக் கொண்டிருக்கிறது. சுற்றிலும் மரத்துண்டுகளும் கருவிகளும் கிடக்கின்றன. படகின் பொருத்துவாய்களை அடைப்பதற்கான கீல் ஒரு பக்கம் காய்கிறது. கான்ஸ்டபிள் இதைத் திறந்தவெளியில், அந்த இடத்திலேயே அமர்ந்து வரைந்தார். பின்னாளில் தூர்ந்துபோன அந்த உலர் துறை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தூரெடுத்துச் சீரமைக்கப்பட்டது. இன்று பிளாட்ஃபோர்டு செல்வோர் அதைக் காணலாம். ஓவியர் கற்பனையில் பள்ளம் தோண்டவில்லை என்பதற்கு மண்ணே சாட்சி.

1817ஆம் ஆண்டு காட்சிக்கு வந்த 'பிளாட்ஃபோர்டு ஆலை' ஓவியம் டேட் கலைக்கூடத்தில் உள்ளது. அதன் முன்பகுதியில் குதிரை மீது ஒரு சிறுவன் அமர்ந்திருக்கிறான். இழுகயிற்றைக் கழற்றும் வேலை நடக்கிறது. விவரம் அறியாதவர்க்கு அது சிறுவர்கள் பொழுது போக்கும் காட்சியாகத் தோன்றும். ஆனால் அங்கே பாலம் ஒன்று குறுக்கிடுகிறது. குதிரை கரையோடு நடந்தபடியே படகைப் பாலத்தின் கீழே இழுக்க இயலாது. கயிற்றை அவிழ்த்து, படகுகளைக் கழியூன்றி மறுபுறம் கடத்தி, மீண்டும் கட்டவேண்டும். அந்த ஒரு கணத்தைத்தான் ஓவியர் தேர்ந்தெடுத்திருக்கிறார். தொழில் தெரிந்தவர்க்குத்தான் அக்கணம் கண்ணில் படும்.

1819ஆம் ஆண்டின் 'வெள்ளைக் குதிரை' அவருக்குப் பெரும்பெயர் ஈட்டிக் கொடுத்தது. நியூயார்க்கின் ஃபிரிக் கலைக்கூடத்தில் உள்ள இவ்வோவியத்தில் குதிரை படகை இழுக்கவில்லை. குதிரையே படகில் ஏறி நிற்கிறது. இது வேடிக்கைக் கற்பனையா? அன்று. ஸ்டூர் ஆற்றில் குதிரை நடக்கும் பாதை ஒரே கரையில் தொடர்ந்து செல்லவில்லை. ஓரிடத்தில் இந்தக் கரை, வேறோரிடத்தில் அந்தக் கரை. பாலம் இல்லாத இடத்தில் பாதை மாறினால், குதிரையைப் படகில் ஏற்றித்தான் மறுகரை சேர்க்கவேண்டும். இழுக்கும் குதிரை சற்று நேரம் இழுக்கப்படும் பொருளாகிவிடுகிறது. இவ்வோவியத்தை ஓவியரின் நண்பர் ஜான் ஃபிஷர் 100 கினி கொடுத்து வாங்கினார். அவ்வாண்டிலேயே ராயல் அகாடமியின் துணை உறுப்பினராகக் கான்ஸ்டபிள் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1825ஆம் ஆண்டின் 'தாவும் குதிரை'யில் படகுக் குதிரையொன்று மரத் தடுப்பைத் தாண்டி எகிறுகிறது. பந்தயக் குதிரைக்குரிய காட்சியைப் படகுக் குதிரைக்குச் சூட்டிவிட்டார் என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஆற்றோரக் கழனிகளில் மேயும் மாடுகள் எல்லை கடக்காதபடி, கரைப்பாதையின் குறுக்கே ஏறத்தாழ மூன்றடி உயரத் தடுப்புகள் இருந்தன, வாயிற்கதவுகள் இல்லை. ஆகவே ஸ்டூர் ஆற்றுக் குதிரைகள் அத்தடுப்புகளைத் தாண்டப் பழக்கப்பட்டிருந்தன. மிகையெனத் தோன்றுவதே இங்கு மெய்யாகிறது.

தூரிகை எடுத்துக்கொண்ட உரிமை

இவ்வளவும் கண்டு, கான்ஸ்டபிள் கண்டதைக் கண்டபடி பதித்தவர் என்ற முடிவுக்கு வருவோமாயின் தவறிழைப்போம். 1816ஆம் ஆண்டு மணம் புரிந்தபின் அவர் இலண்டனில் குடியமர்ந்தார். ஆறடி அகலத்தில் வரைந்த பெரிய ஆற்றுக் காட்சிகள் ஸ்டூர் கரையில் உருவானவை அல்ல. இலண்டன் அறைக்குள், பழைய குறிப்பேடுகளையும் நினைவையும் துணையாகக் கொண்டு உருவானவை. 1821ஆம் ஆண்டின் புகழ்பெற்ற 'வைக்கோல் வண்டி'க்காக, ஊரிலிருந்து ஒரு வண்டியின் அமைப்பை நண்பரின் மகனைக் கொண்டு வரைந்து அனுப்பச் செய்தார். வண்டிச் சட்டத்தில்கூடப் பிழை நேரக்கூடாது என்னும் கவலை ஒரு பக்கம். அந்த வண்டியை எங்கே நிறுத்துவது என்பதில் முழுச் சுதந்திரம் மறுபக்கம்.

1822ஆம் ஆண்டு ஏப்ரலில் ஃபிஷருக்கு எழுதிய மடலில், 'டெடம் அருகே ஸ்டூர் ஆற்றுக் காட்சி' ஓவியத்தில் தாம் செய்த மாற்றங்களை அவரே விவரிக்கிறார். நண்பர் முன்பு பார்த்த அமைப்பு ஏறக்குறைய முழுவதும் மாறிவிட்டதாம். பாய் ஒன்றை எடுத்துவிட்டார். நடுவில் புதிதாகப் படகு ஒன்றையும் அதில் முதன்மையான மனிதன் ஒருவனையும் சேர்த்தார். குழந்தைகளின் கூட்டத்தை மாற்றினார். பாலத்தை முழுமையாகத் தெரியச் செய்தார். படத்தின் நடுப்பகுதிக்குச் செழிப்பு வந்துவிட்டது என்பது அவருடைய மகிழ்ச்சி. 'தாவும் குதிரை'யைக் காட்சிக்கு வைத்துத் திரும்பப் பெற்ற பிறகும் அவர் கை ஓயவில்லை. குதிரையின் முன்னிருந்த பழைய மரத்தின் அடிப்பகுதியை அழித்தார். குதிரை தாவுவதற்குத் திறந்தவெளி கிடைத்தது. படம் விரைவு பெற்றது. டெடம் மாதாகோயிலின் கோபுரமும் அவர் ஓவியங்களில் காட்சியின் தேவைக்கேற்ப இடம் பெயர்ந்ததுண்டு.

அப்படியானால் இவர் மெய்யரா, புனைவரா? இரண்டு வகை மாற்றங்களை வேறுபடுத்திப் பார்த்தால் விடை கிடைக்கும். மரம், கோபுரம், பாலம், பாய் ஆகியவற்றை அவர் நகர்த்தினார், சேர்த்தார், நீக்கினார். எங்கே, எத்தனை என்னும் கேள்விகளில் அவர் உரிமை எடுத்துக்கொண்டார். ஆனால் எப்படி என்னும் கேள்வியில் மிகுந்த கண்டிப்புடன் நடந்துகொண்டார். கயிறு கட்டும் முறை, கழி ஊன்றும் நிலை, குதிரை கரை மாறும் விதம், படகு உருவாகும் ஒழுங்கு ஆகியவை அவர் ஓவியங்களில் தொழிலுக்கு மாறாக அமைவதில்லை. ஓரிடத்தின் நில வரைபடமாக அவர் ஓவியத்தைப் பயன்படுத்துவோர் ஏமாறுவர். ஒரு தொழிலின் செயல்முறை விளக்கமாகப் பயன்படுத்துவோர் பெரிதும் பயன் பெறுவர். சாட்சியை எந்தக் கேள்விக்கு அழைக்கிறோம் என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு அமைகிறது.

வேறு இரு சாட்சிகள்

இவ்வுண்மையை வலியுறுத்த வேறு இரு ஓவியங்களையும் காண்போம். கான்ஸ்டபிளுக்கு ஓராண்டு மூத்தவரான டர்னர், 1828ஆம் ஆண்டையொட்டி 'சிசெஸ்டர் கால்வாய்' என்னும் ஓவியத்தை எக்ரிமான்ட் பிரபுவின் பெட்வொர்த் மாளிகைக்காக வரைந்தார். மாலை வெயிலில் உறங்கும் நீர். அதன் நடுவே பாய்மரங்களுடன் ஒரு கப்பல். கால்வாயில் கப்பலா என்று நாம் புருவம் உயர்த்துவோம். ஆனால் 1822ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அக்கால்வாய், சுமார் 100 டன் கப்பல்கள் செல்லும்படியே வெட்டப்பட்டது. எனவே கப்பல் பொய்யன்று. ஓவியம் சொல்லாதது வேறொன்று. அக்கால்வாயை உள்ளடக்கிய நீர்வழித் திட்டம் எதிர்பார்த்த வருவாயைத் தராமல் தோல்வியுற்றது. பிரபுவோ அத்திட்டத்தில் பணம் போட்டவர். முதலீட்டாளரின் உணவுக்கூடச் சுவரில் தொங்கும் ஓவியத்தில், வாணிகம் இல்லாத நீரின் அமைதி அழகிய அந்தி அமைதியாகவே தோற்றம் கொள்கிறது.

மற்றொன்று சீன நாட்டைச் சேர்ந்தது. 12ஆம் நூற்றாண்டில் ஜாங் செதுவான் வரைந்த 'சிங்மிங் ஆற்றங்கரைக் காட்சி' என்னும் நீண்ட பட்டுச்சுருள் ஐந்து மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடையது. பீஜிங் அரண்மனைக் காட்சிசாலையில் உள்ளது. தலைநகர்க் கால்வாயில் பெரிய படகொன்று வளைந்த மரப் பாலத்தை நெருங்குகிறது. பாய்மரத்தைச் சாய்க்கும் பரபரப்பு, கழியூன்றுவோரின் தவிப்பு, பாலத்தின் மேலிருந்து கூவுவோர், கயிறு வீசுவோர். படகு கட்டும் கலையின் வரலாற்றை ஆய்வோர் இச்சுருளை இன்றளவும் நுணுகிப் பார்க்கின்றனர். புகழ்பெற்ற இச்சுருளைப் பின்னோர் பலமுறை தழுவி வரைந்தனர். 1736ஆம் ஆண்டு அரசவை ஓவியர் ஐவர் வரைந்த சுருளில் மரப்பாலம் இருந்த இடத்தில் கற்பாலம் நிற்கிறது. முன்னோரின் பெயரைத் தாங்கிய ஓவியத்தில் தங்கள் காலத்துப் பாலத்தைக் கட்டிவிட்டார்கள். பழைய கால்வாய்க்கு அது சாட்சியாகாது. தன் காலத்திற்கே சாட்சியாகும். நகலை அசலென எண்ணி வரலாறு எழுதுவோர் எச்சரிக்கையுடன் இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

படத்தில் தெரியாத தீ

மீண்டும் ஸ்டூர் கரைக்கு வருவோம். இதுகாறும் கான்ஸ்டபிளின் சாட்சியத்தில் உள்ளவற்றை ஆராய்ந்தோம். இல்லாதவற்றையும் ஆராய்வது நம் கடமை.

நெப்போலியனுடன் நடந்த போர் 1815ஆம் ஆண்டு முடிந்தபின் இங்கிலாந்தின் கிழக்கு மாவட்டங்களில் உழவுத் தொழிலாளர் நிலை சீர்குலைந்தது. கூலி குறைந்தது, போர் முடிந்து திரும்பியோர் வேலையின்றி அலைந்தனர், கதிரடிக்கும் பொறிகள் குளிர்காலக் கூலியைப் பறித்தன. 1816ஆம் ஆண்டும் 1822ஆம் ஆண்டும் அங்கே கலகங்கள் மூண்டன, பொறிகள் நொறுக்கப்பட்டன, தானியப் போர்கள் எரிந்தன. பாலத்தையும் படகையும் மாற்றியதை மகிழ்ச்சியுடன் ஃபிஷருக்கு எழுதிய அதே 1822ஆம் ஆண்டு ஏப்ரலில், சஃபோக் நிலைமை குறித்துத் தம் சகோதரர் கவலையுற்றிருப்பதையும், அருகிலோ தொலைவிலோ தீ தென்படாத இரவே இல்லை என்பதையும் கான்ஸ்டபிள் எழுதியிருக்கிறார். ஓவியருக்கு நிலைமை தெரியாது என்று சொல்வதற்கில்லை. தெரிந்திருந்தும், அவ்வாண்டு அவர் முடித்த ஓவியத்தில் படகோட்டிகள் அமைதியான பகற்பொழுதில் கழியூன்றிச் செல்கின்றனர். தொடுவானத்தில் புகை இல்லை.

'நிலக்காட்சியின் இருண்ட பக்கம்' என்னும் பொருளுடைய தலைப்பில் 1980ஆம் ஆண்டு நூல் வெளியிட்ட ஜான் பேரல் என்னும் அறிஞர், ஆங்கில ஓவியங்களில் ஏழை உழைப்பாளி எவ்வாறு காட்டப்பட்டான் என்பதை ஆராய்ந்தார். கான்ஸ்டபிளின் உழைப்பாளிகள் தொலைவில், சிறியவராய், முகம் புலப்படாதவராய் இருப்பதை அவர் சுட்டிக்காட்டினார். அணுகிப் பார்த்தால் முகத்தில் களைப்பு தெரிந்துவிடும். தூரத்தில் வைத்தால் உழைப்பும் இயற்கையின் ஒரு பகுதியாய் அடங்கிவிடும். இக்கருத்தை முழுமையாக ஏற்காதவரும், அந்த ஆறும் ஆலையும் படகும் ஓவியரின் குடும்பச் சொத்து என்பதையும், அவருடைய வாழ்க்கைச் செலவில் ஒரு பகுதி அந்த வாணிகத்திலிருந்தே வந்தது என்பதையும் மறுக்க இயலாது. கயிற்றின் முடிச்சைப் பிழையின்றி அறியச் செய்த அதே உறவு, கயிறு இழுத்தவனின் பசியைப் படத்தில் வைக்காமல் தடுத்திருக்கக் கூடும்.

எனினும் ஒரு நியாயம் அவர் பக்கம் உண்டு. அக்காலப் பெரிய ஓவியங்களில் அரசர்களும் வீரர்களும் புராண நாயகர்களும் இடம் பெற்றனர். அவர்களுக்குரிய அளவில், ஆறடி அகலத் துணியில், பாரப்படகையும் சேற்றுக் கரையையும் வரைய ஒருவர் துணிந்தார். 1824ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் 'வைக்கோல் வண்டி'யும் 'ஸ்டூர் ஆற்றுக் காட்சி'யும் வைக்கப்பட்டபோது பிரெஞ்சு ஓவியர்கள் வியந்தனர். பிரெஞ்சு மன்னரின் தங்கப் பதக்கமும் கிடைத்தது. பெயரற்ற படகோட்டி ஒருவன் அரச சபையின் பார்வைக்கு வந்தது அவ்வழியில்தான். முகம் தெரியாவிட்டாலும் அவன் நின்ற நிலை தெரிகிறது. அவன் கை செய்த வேலை தெரிகிறது.

பிறகு காலம் மாறியது. 1849ஆம் ஆண்டு சட்பரிக்கு இரயில் வந்தது. ஆற்று வாணிகம் மெல்ல வாடியது. 1914ஆம் ஆண்டு முதல் உலகப் போர் மூண்டபோது, எஞ்சியிருந்த பாரப்படகுகள் பகைவர் கைக்குப் போய்விடக்கூடாது என்று சட்பரியருகே நீரில் அமிழ்த்தப்பட்டன. பல பத்தாண்டுகளுக்குப் பின் அவற்றுள் ஒன்று வெளியே எடுக்கப்பட்டுச் சீர்செய்யப்பட்டது. மீட்கப்பட்ட மரத்தைப் பார்த்து அதன் நீள அகலத்தை அளக்கலாம். ஆனால் அதன் மேல் மனிதன் எப்படி நின்றான் என்பதை அம்மரம் சொல்லாது. அதைக் கேட்க மீண்டும் ஓவியத்திடம்தான் போகவேண்டும்.

ஆகவே இரசிகரும் படகோட்டியும் ஒருவரையொருவர் விலக்கவேண்டியதில்லை. உழைப்பைக் காட்டும் எந்தப் பழைய ஓவியத்தின் முன்னும் நாம் மூன்று கேள்விகளைக் கேட்போமாக. வேலை நடக்கும் முறை சரியாக இருக்கிறதா? அழகுக்காக எது இடம் மாறியிருக்கிறது? யாருடைய துன்பம் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது? முதல் இரண்டு கேள்விகளுக்கு ஓவியமே விடை தரும். மூன்றாவதற்கு மடல்களையும் கணக்கேடுகளையும் ஊர் வரலாற்றையும் புரட்டவேண்டும். நம் வீடுகளில் பழைய பெட்டிகளுக்குள் உறங்கும் தொழிற் கணக்குகளும் கடிதங்களும் கப்பல், தோணிப் படங்களும் வெறும் காகிதங்கள் அல்ல என்பதை அப்போது உணர்வோம். ஓவியன் வரையாமல் விட்ட இடத்தை என்றேனும் ஒருநாள் நிரப்பப்போவது அவையே.